நடு பெஞ்ச் ஆசாமிகள்

முதல் பெஞ்ச் பையனை வாத்தியாருக்குத் தெரியும். கடைசி பெஞ்ச் ஆசாமியை ஊருக்கே தெரியும். நடுவில் உட்கார்ந்து 55 மார்க் வாங்கிப் பாஸானவனை? அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரைப் பார்த்தால்தான் பேரே ஞாபகம் வரும். வீடியோ கேம்களிலும் இப்படி ஒரு நடு பெஞ்ச் இருந்தது. இப்போது அதைத் தேட வேண்டியிருக்கிறது.

2004-ல் ஜப்பானின் நாம்கோ கம்பெனி 'கட்டமாரி டமாசி' என்றொரு கேம் போட்டது. கதை? ஒட்டும் உருண்டை ஒன்றை உருட்டிக்கொண்டே போகணும், அவ்வளவுதான். முதலில் குண்டூசி, ரப்பர் ஒட்டும். அப்புறம் மாடு, மனுஷன், கட்டடம்! தயாரிப்புச் செலவு 10 லட்சம் டாலருக்கும் குறைவு. அமெரிக்காவில் விலை 20 டாலர். விளையாடியவர்கள் இன்னும் மறக்கவில்லை.

பிறகு என்ன ஆச்சு? 2005-ல் எக்ஸ்பாக்ஸ் 360, அடுத்த வருஷம் பிளேஸ்டேஷன் 3. படம் துல்லியமானது. துல்லியம் என்றால் செலவு. முன்பு ஹீரோவின் தாடிக்கு ஒரு தீற்றல் போதும். இப்போது முடி முடியாகச் செதுக்க ஆள் வேணும், ஆளுக்குச் சம்பளம் வேணும். கடையிலோ அப்போது பெரும்பாலும் ஒரே விலை, 60 டாலர். அதே காசுக்கு விஸ்வரூப கேம் கிடைக்கும்போது சுமாரானதை எவன் எடுப்பான்? இன்னொரு பக்கம், வீட்டில் உட்கார்ந்து செய்து நெட்டில் விற்கிறவர்கள் வந்தார்கள். 2016-ல் வந்த 'ஸ்டார்டியூ வேலி' ஒரே ஒருவர் செய்தது! மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

நடு பெஞ்ச்சில் முக்கியப் புள்ளியான டி.ஹெச்.க்யூ. கம்பெனி, டி.வி.யில் படம் வரைகிற 'யூ டிரா' பலகையை லட்சக்கணக்கில் விற்காமல் குவித்துக்கொண்டது. 2012 டிசம்பரில் திவால். 2013 ஜனவரியில் கேம்களைப் பிரித்து ஏலம் விட்டார்கள்.

சரி, அளவான பட்ஜெட் கேம் ஜெயித்தால்? 2023 ஜனவரியில் வந்த 'ஹை-ஃபை ரஷ்' கேமில் பாட்டின் தாளத்துக்கு ஏற்ப அடிதடி. 2024 ஏப்ரலில் பாஃப்டா விருது வாங்கியது. மே மாதம், அதைச் செய்த டோக்கியோ ஸ்டூடியோவை மூடுவதாக முதலாளி மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. மறுநாளே ஊழியர் கூட்டத்தில், 'பேரும் விருதும் வாங்கித் தரும் சின்ன கேம்கள் நமக்குத் தேவை' என்கிற ரீதியில் மேலதிகாரி பேசியதாகச் செய்தி. ஆபீஸ் போகிறவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. யானைப் பசிக்குச் சோளப்பொரி எப்படிப் போதும்? நல்லவேளை, ஆகஸ்டில் கொரிய கம்பெனி ஒன்று அந்த ஸ்டூடியோவைக் காப்பாற்றியது.

யானையின் தீனி எவ்வளவு? 2023-ன் 'ஸ்பைடர்மேன் 2'-க்கு சுமார் 30 கோடி டாலர் என்று கசிந்த ஆவணங்கள் சொல்கின்றன. இவ்வளவு போட்டால் யாருக்கு உருண்டை உருட்டத் தைரியம் வரும்? போன தடவை ஓடியதையே மறுபடி எடுப்பார்கள். சின்ன கேம் ஃபெயிலானால் அரியர் எழுதிக்கொள்ளலாம். பெரிசு ஃபெயிலானால் நூற்றுக்கணக்கானவர்களுக்கு வேலை போகும்.

முழுசாக நம்பிக்கை இழக்க வேண்டாம். 2025 ஏப்ரலில் பிரான்ஸின் மோன்பெலியே நகரத்தில் சுமார் 30 பேர், வெளி ஆட்களின் உதவியோடு, 'எக்ஸ்பெடிஷன் 33' வெளியிட்டார்கள். விலை 50 டாலர். 33 நாளில் 33 லட்சம் பிரதி!

அடுத்த தள்ளுபடியில் பேர் தெரியாத கேம் ஒன்று கண்ணில் பட்டால் வாங்கிப் பாருங்கள். மோசமாக இருந்தால் என்னைத் திட்டி எழுதலாம். தபால் செலவு உங்களுடையது.