வெளிச்சம் காட்டும் மூலக்கூறும் எங்கட கிணத்துத் தண்ணியும்

ஊர்க் கடைகள் சிலதில கள்ள நோட்டுப் பார்க்கிற ஊதா லைட் ஒன்று இருக்கும். ஐயாயிரம் ரூபா தாளை அதுக்குக் கீழே பிடித்தால், பகல் வெளிச்சத்தில் தெரியாத நூல்கள் பளிச்சென்று தெரியும். கடைக்காரர் தலையை ஆட்டிவிட்டுத் தாளை லாச்சிக்குள் போடுவார். சின்ன வயதில் இருந்து இதைப் பார்த்துத்தான் வளர்ந்தோம். அது ஏன் அப்படி மினுங்குது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

நாங்க ஆட்ஸ் பிள்ளைகள். கற்பிட்டி, உடப்பு, முந்தல் என்று புத்தளம் கரையின் வேறு வேறு ஊர்களில் இருந்து ஒரே ஹொஸ்டலுக்கு வந்து சேர்ந்தவர்கள். ஓஎல்லோடு விஞ்ஞானப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டோம். போன செமஸ்டரில், எங்கட பக்கத்து நானா ஒருத்தர், சயன்ஸ் பெகல்டியில் இறுதி வருஷம் படிக்கிறவர், கென்டீனில் வைத்து ஒரு வேலை செய்து காட்டினார். அன்றைக்குத்தான் மூடின புத்தகம் திரும்பத் திறந்தது.

டொனிக் வோட்டரை ஒரு கிளாஸில் ஊற்றி, அந்த மாதிரி ஊதா லைட் ஒன்றைப் பிடித்தார். தண்ணி நீலமாக ஒளிர்ந்தது. அதில் இருப்பது குயினைன், மலேரியாவுக்குக் கொடுத்த அதே கசப்பு மருந்து. 1845இல் ஜோன் ஹெர்ஷல் இந்த நீலத்தைப் பற்றி எழுதினார். 1852இல் ஜோர்ஜ் ஸ்டோக்ஸ் காரணத்தைச் சொன்னார்: கண்ணுக்குத் தெரியாத புறஊதா ஒளியை வாங்கி, கண்ணுக்குத் தெரியும் ஒளியாகத் திருப்பிக் கொடுப்பதுதான் இது. பிறகு நானா மேசையில் இருந்த உப்பை எடுத்துப் போட்டுக் கலக்கினார். நீலம் மங்கிப் போனது.

"உப்பில இருக்கிற குளோரைட்டு அந்த வெளிச்சத்த அணைச்சிடும். இப்ப யோசிச்சுப் பாருங்க, தண்ணிக்குள்ள என்ன இருக்கு என்று வெளிச்சமே சொல்லுது தானே?"

புத்தளத்து உப்பாகத்தான் இருக்கும் என்று நாங்க சிரித்தோம். ஆனா அந்தக் கேள்வி எங்களை விடவில்லை. தேடி வாசித்துக்கொண்டு போனோம். போன வழியில் வந்து நின்ற இடம் கொழும்பு. வெளிநாட்டு லேப் ஒன்றில்தான் போய் முடியும் என்று நினைத்திருந்தோம்.

ஏ. பி. டி சில்வா என்று ஒரு இரசாயனவியலாளர். கொழும்புப் பல்கலைக்கழகத்தில் படித்து, வட அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் குயீன்ஸ் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் முடித்து, 1980இல் திரும்பி வந்து கொழும்பிலேயே படிப்பித்தவர். 1985இலும் 1986இலும் அவரும் அவரோடு வேலை செய்தவர்களும் கொழும்பில் இருந்து இரண்டு சின்னக் கட்டுரைகளை வெளியிட்டார்கள். ஒன்று, அமிலத்தன்மையைப் பொறுத்து ஒளிரும் மூலக்கூறு பற்றியது. மற்றது, சோடியம், பொட்டாசியம் போன்ற அயன்களைப் பிடித்தவுடன் ஒளி விடும் மூலக்கூறு பற்றியது. இன்றைக்கு உலகம் முழுக்க இந்த வகை மூலக்கூறுகளைச் செய்கிற ஆய்வுக் குழுக்களுக்கு அந்த வேலை ஒரு அடித்தளம்.

விஷயம் இப்படி. அந்த மூலக்கூறுக்கு மூன்று பகுதி. ஒளிருகிற பகுதி ஒன்று. பிடிக்கிற பகுதி ஒன்று. இரண்டையும் தொடுக்கிற சின்னப் பாலம் ஒன்று. விளக்குக்குப் பக்கத்தில் ஒரு குழப்படிப் பொடியன் நிற்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்க. நீங்க விளக்கைக் கொளுத்தக் கொளுத்த அவன் ஊதி அணைத்துக்கொண்டே இருப்பான். அவன்ட வாயில ஒரு டொபியைப் போட்டால் ஊத மாட்டான், விளக்கு எரியும். பிடிக்கிற பகுதிதான் அந்தப் பொடியன். அங்கிருந்து பாய்கிற ஒரு இலத்திரன்தான் ஊதுகிற காற்று. தேடுகிற அயன் வந்து அங்கே உட்கார்ந்துவிட்டால் இலத்திரன் பாய முடியாது. அப்போது மூலக்கூறு ஒளிரும். அயன் இருந்தால் வெளிச்சம், இல்லாவிட்டால் இருட்டு. எந்த அயனைத் தேடணுமோ அதுக்கு ஏற்ற மாதிரி பிடிக்கிற பகுதியை மாற்றிக் கட்டலாம்.

1986இல் டி சில்வா பெல்பாஸ்டுக்குப் போனார். 1993இல் அவரும், இலங்கையரான குணரத்னவும், மெக்கோயும் சேர்ந்து நேச்சர் சஞ்சிகையில் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஐதரசன் அயனும் சோடியம் அயனும் இரண்டுமே இருந்தால் மட்டும் நன்றாக ஒளிரும் மூலக்கூறு. ஐசிடி படித்த தம்பி தங்கச்சிமாருக்கு உடனே விளங்கும், இது ஒரு தர்க்கப் படலை. கணினிக்குள் நடக்கிற வேலையை ஒற்றை மூலக்கூறு செய்தது. இதே தத்துவத்தில் இரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், கல்சியம் அளக்கிற ரோச் நிறுவனத்தின் ஒப்டி இயந்திரங்கள் ஆஸ்பத்திரிகளுக்குப் போயின. ஒரு சொட்டு இரத்தம், கொஞ்ச நேரம், இலக்கம் வந்துவிடும்.

இதை வாசிக்கும்போது எங்களுக்குப் பெருமையாக இருந்தது. ஆனா பெருமைப்பட்டுவிட்டுப் போக இதை எழுதவில்லை.

கொழும்பில் அந்தக் கட்டுரைகள் எழுதப்பட்ட அதே காலத்தில், 1980களின் நடுவில், கற்பிட்டியில் இன்னொரு ஆய்வு நடந்தது. பிரித்தானிய நிலவியல் ஆய்வகமும் இங்குள்ள ஆய்வாளர்களும் கிணத்துத் தண்ணியைச் சோதித்தார்கள். எங்கட நிலம் மணல். கிணறுகள் ஆழமில்லை. வெங்காயம், மிளகாய், மரக்கறி என்று வருஷம் முழுக்கத் தண்ணி இறைத்துப் பயிர் செய்கிறோம். போடுகிற யூரியாவில் பயிர் எடுத்தது போக மிச்சம் மணல் வழியே நைத்திரேற்றாக இறங்கி, நாங்க குடிக்கிற அதே நீருக்குப் போய்ச் சேருது. தோட்டங்களுக்குக் கீழே பல இடங்களில் அது உலக சுகாதார நிறுவனம் சொன்ன எல்லையைத் தாண்டி இருந்ததை அந்த ஆய்வு காட்டியது. அதுக்குப் பிறகும் பல ஆய்வுகள் வந்தன, எல்லாம் இதே பக்கம்தான் கையைக் காட்டின.

அந்த எல்லை ஒரு லீட்டருக்கு 50 மில்லிகிராம். யாருக்காக வைத்த எல்லை தெரியுமா? போத்தலில் பால் குடிக்கிற கைக்குழந்தைக்காக. நைத்திரேற்று உடம்புக்குள் நைத்திரைற்றாக மாறி, இரத்தத்தின் ஈமோகுளோபினை ஒட்சிசன் சுமக்க முடியாததாக ஆக்கும். அளவு கூடினால் குழந்தை நீலம் பாரிக்கும்.

எங்களில் ஒருத்தி போன லீவுக்கு வீட்டுக்குப் போகும்போது நைத்திரேற்றுப் பார்க்கிற டெஸ்ட் ஸ்ட்ரிப் பெட்டி ஒன்று வாங்கிக்கொண்டு போனாள். நாங்க எல்லாரும் சேர்ந்து போட்ட காசு. ஸ்ட்ரிப்பைக் கிணத்துத் தண்ணியில் தோய்த்து எடுத்தாள். நிறம் 50 என்ற கட்டத்தைத் தாண்டி, அதைவிடக் கடும் இளஞ்சிவப்பில் போய் நின்றது. அந்த வீட்டில் அவளுடைய ராத்தாவுக்கு மூன்று மாதக் குழந்தை. பால்மா கரைப்பது அந்தத் தண்ணியில்தான்.

"தண்ணிய நல்லா கொதிக்க வச்சித்தானே மகள் குடுக்கிறோம்" என்றார் உம்மா.

கொதிக்க வைத்தால் கிருமி சாகும். நைத்திரேற்று சாகாது. தண்ணி ஆவியாகப் போகப் போக, மிச்சத் தண்ணியில் அதன் அளவு கூடத்தான் செய்யும். அக்கறையோடு செய்த வேலை ஆபத்தைக் கூட்டியிருக்கு. உம்மாவில் என்ன பிழை? அவருக்கு யாரும் சொல்லவில்லை.

இத்தனைக்கும், அதே கிணத்தில் சில வருஷத்துக்கு முன் யாரோ ஆய்வுக்கு என்று வந்து போத்தலில் தண்ணி எடுத்துப் போயிருக்கிறார்கள். கிணத்தடியில் நின்று பேர், விலாசம், கிணத்தின் ஆழம் எல்லாம் எழுதினார்களாம். பிளேன்டியும் குடித்தார்களாம். ரிசல்ட் மட்டும் வரவில்லை. எங்கேயோ ஒரு அட்டவணையில் அந்தக் கிணறு ஒரு இலக்கமாக இருக்கும். அந்த அட்டவணை இங்கிலிஷில் இருக்கும். கிணத்துக்காரர் வாசிக்க மாட்டார்.

எங்கட கோபம் இந்த இடத்தில்தான். கண்டுபிடிப்பும் இருந்தது, ஆய்வும் இருந்தது. ஒளிரும் மூலக்கூறு கொழும்பில் பிறந்த காலத்திலேயே கற்பிட்டியின் தண்ணிப் பிரச்சினை எழுத்தில் வந்துவிட்டது. நாற்பது வருஷமாகியும் இரண்டும் சந்திக்கவில்லை. இரத்தம் அளக்கிற இயந்திரத்துக்கு ஆஸ்பத்திரிகள் காசு கொடுக்கும். கிணறு அளக்கிற மூலக்கூறுக்கு யார் கொடுப்பார்? எந்த அயனுக்குப் பொறி வைப்பது என்பதை இரசாயனவியல் மட்டும் தீர்மானிப்பதில்லை. யாருடைய கேள்வி லேபுக்குள் போகுது என்பதும் சேர்ந்துதான் தீர்மானிக்குது.

நானாவிடம் இதைச் சொன்னபோது அவர் மறுத்தார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கு. நைத்திரேற்று பிடிபடுவது கஷ்டமான அயன். மற்றதோடு இலேசில் ஒட்டாது, அதுவும் தண்ணிக்குள் அதைத் தனியாகத் தெரிந்து பிடிப்பது பெரிய வேலை. பாதரசத்துக்கும் புளோரைட்டுக்கும் ஒளிரும் மூலக்கூறுகள் ஏராளமாக வந்திருக்கு. நைத்திரேற்றுக்கு அவ்வளவு இலேசில்லை. "அதோட, ஸ்ட்ரிப் இருக்குத்தானே, அதையே யாரும் வாங்குறதில்ல. ஒளிர்ற மூலக்கூறு வந்து மட்டும் என்ன செய்யப் போகுது? வெளிச்சம் தண்ணியச் சுத்தமாக்காது."

சரிதான். அளவுகோல் மருந்தாகாது. ஆனா அளக்காத இடத்தில் என்ன நடக்குது என்று பாருங்க. நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் மூன்று அலகுகளும் சேர்ந்து 900 மெகாவாட். நிலக்கரி எரிக்கிற எந்த இடத்திலும் பாதரசம் சொற்ப அளவில் வெளியே வரும், இது உலகம் அறிந்த விஷயம். ஆனா எங்கட ஊரில் இதைப் பற்றிக் கதைத்தால் இரண்டே இரண்டு குரல்தான் கேட்கும். ஒரு பக்கம், "எல்லாம் நஞ்சாப் போச்சு, மீனே தின்ன ஏலாது." மறுபக்கம், "ஒண்டும் இல்ல, சும்மா பயப்படுத்துறாங்க." இலக்கம் கையில் இல்லாத சனத்துக்குப் பீதி அல்லது அலட்சியம், இந்த இரண்டில் ஒன்றுதான் மிஞ்சும். ஜப்பானின் மினமாட்டாவில் பாதரச நோய் அதிகாரபூர்வமாக அறியப்பட்டது 1956இல். அங்கே பாதிக்கப்பட்டவர்களில் நிறையப் பேர் எங்கட ஆக்கள் மாதிரிக் கடற்தொழில் செய்த குடும்பங்கள். காரணத்தை அரசாங்கம் ஒத்துக்கொள்ள 1968 வரை ஆனது. நுரைச்சோலை மினமாட்டா என்று நாங்க சொல்லவில்லை. அளந்து, அளந்ததைச் சனத்திடம் சொல்லாமல் இருந்தால் எத்தனை வருஷம் போகும் என்பதைத்தான் அது காட்டுது.

அதனால் நாங்க கேட்பது பெரிய விஷயங்கள் இல்லை. எங்கட கிணத்தில், களப்பில், கடலில் யார் மாதிரி எடுத்தாலும், அந்த வீட்டுக்காரருக்கு முடிவைத் தமிழில் ஒரு தாளில் எழுதிக் கொடுக்கணும். இலக்கம் மட்டும் போதாது. குடிக்கலாமா, பிள்ளைக்குப் பால் கரைக்கலாமா என்று சொல்லணும். கர்ப்பிணித் தாய்மாரைப் பார்க்க வீடு வீடாக வருகிற மருத்துவ மாதுவின் பையில் ஒரு ஸ்ட்ரிப் பெட்டி இருக்கணும். எங்கட பல்கலைக்கழகங்களில் ஒளிரும் மூலக்கூறு செய்கிற குழுக்கள், அடுத்து எந்த அயன் என்று யோசிக்கும்போது ஒருநாள் கற்பிட்டிக்கு வந்து தோட்டக்காரர்களோடு கதைத்துவிட்டுப் போகணும். கஷ்டமான அயன் என்பது வேலையை விடுவதுக்குக் காரணமாகாது. சோடியமும் ஒருகாலம் கஷ்டமாகத்தான் இருந்திருக்கும்.

எங்களுக்கும் ஒரு வேலை இருக்கு. ஆட்ஸ் படிக்கிறோம், இது எங்கட பாடமில்லை என்று ஒதுங்கினதில் எங்கட பங்கும் இருக்கு. இங்கிலிஷ் அட்டவணையைத் தமிழில் சொல்லுறதுக்கு இரசாயனவியல் பட்டம் தேவையில்லை. ஜும்ஆ முடிந்து வருகிறவர்களுக்கும், கோயில் முன்றலில் கூடுகிறவர்களுக்கும், மாதா திருநாளுக்கு வருகிறவர்களுக்கும் விளங்குகிற மாதிரி ஒரு பக்கம் எழுதினால் போதும். அதை எழுதிக்கொண்டிருக்கிறோம். "கொதிக்க வைத்தாலும் போகாது" என்பதுதான் அதன் முதல் வரி.

ராத்தாவின் குழந்தைக்கு இப்போது வேறு இடத்தில் இருந்து கானில் தண்ணி வருது. வாப்பா காலையில் சைக்கிளில் போய் எடுத்து வருகிறார். அந்தத் தண்ணியையும் ஸ்ட்ரிப்பில் தோய்த்துப் பார்த்துவிட்டுத்தான் உம்மா பால் கரைக்கிறார். பெட்டியில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கு. பக்கத்து வீட்டுத் தாத்தாவும் தன் கிணத்தைப் பார்த்துத் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்.