முதுகில் குத்திய கதை

புராணங்களும் கர்ணபரம்பரைக் கதைகளும் இல்லாத ஜன சமூகம் உலகத்தில் எங்கும் இல்லை. அவை முன்னோர் வைத்துச் சென்ற பொதுச் சொத்து. அவற்றைச் சரித்திரமன்று என்று இகழ்வதும் அறிவுடைமையாகாது. சரித்திரமே என்று சாதிப்பதும் அறிவுடைமையாகாது. ஆனால் இவ்விரண்டினும் பெரியதோர் ஆபத்து உண்டு. அதிகாரத்தில் இருப்போர் தமது தோல்வியை மறைக்கும்பொருட்டு ஒரு பழங்கதையை எடுத்து, அதில் வரும் துரோகியின் பெயரைத் தம் தேசத்தாரிலேயே ஒரு பகுதியாருக்குச் சூட்டிவிடுவதே அது. இந்த ஆபத்தின் முழு உருவத்தையும் ஜெர்மனியின் சரித்திரத்தில் காணலாம்.

ஜெர்மானியருடைய பழைய காவியங்களுள் தலைசிறந்தது நிபெலுங்கர் காவியம். சுமார் 1200-ம் வருஷத்தில் இயற்றப்பட்டது. இயற்றியவர் பெயர் தெரியவில்லை. நெடுங்காலம் மறக்கப்பட்டுக் கிடந்து, 1755-ல் ஏட்டுப் பிரதியொன்று அகப்பட்டதால் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தது. அதன் வீரன் ஸீக்பிரீட், பறவைநாகமொன்றைக் கொன்று அதன் இரத்தத்தில் நீராடியமையால் எந்த ஆயுதமும் துளைக்காத உடலைப் பெற்றான். ஆனால் நீராடும்போது மரத்து இலையொன்று அவன் தோள்களுக்கு நடுவே ஒட்டிக்கொண்டது. அவ்விடம் மட்டும் பலவீனமாயிற்று. அந்த இரகசியத்தை அவன் மனைவி கிரீம்ஹில்டிடமிருந்து தந்திரமாய் அறிந்த ஹாகன், வேட்டைக்குச் சென்ற இடத்தில் ஊற்றிலே நீர் பருகக் குனிந்த வீரனை ஈட்டியால் பின்புறத்திலிருந்து குத்திக் கொன்றான்.

முதல் உலக யுத்தத்தின் முடிவில் இக்கதை அரசியல் மேடைக்கு வந்தது. 1919-ம் வருஷம் நவம்பர் மாதத்தில், யுத்தத்தில் தோல்வி நேர்ந்த காரணத்தை ஆராய நியமிக்கப்பட்ட பார்லிமெண்டு விசாரணைக் கமிட்டியின்முன் பிரதம சேனாதிபதியாயிருந்த ஹிண்டன்பர்க் தோன்றி, ஜெர்மன் சேனை முதுகில் குத்தப்பட்டதென்று ஓர் ஆங்கிலேயத் தளபதி கூறியதாகச் சாட்சியம் அளித்தார். அடுத்த வருஷம் வெளியிட்ட சுயசரிதையில், ஹாகனின் ஈட்டிக்கு ஸீக்பிரீட் வீழ்ந்ததுபோல நமது களைத்த சேனை வீழ்ந்தது என்னும் கருத்துப்பட எழுதினார். குத்தியவர் யார்? சமதர்மவாதிகள், வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர், யூதர் என்று பிரசாரகர்கள் பதில் கூறலாயினர்.

உண்மை யாது? 1918-ம் வருஷம் ஆகஸ்டு 8-ந் தேதியை ஜெர்மன் சேனையின் கரிநாள் என்று எழுதியவர் ஹிண்டன்பர்க்கின் வலக்கையாயிருந்த லூடெண்டார்ப். செப்டம்பர் 29-ந் தேதி, உடனே போர் நிறுத்தம் கோரவேண்டுமென்று சர்க்காரை வற்புறுத்தியவர்கள் இவ்விரு சேனாதிபதிகளே. கையொப்பமிடும் வேளை வந்தபோதோ, நவம்பர் 11-ந் தேதி ஜெர்மன் தூதுக் குழுவின் தலைவராகப் பேனாவைப் பிடித்தவர் மாத்தியாஸ் எர்ஸ்பெர்கர் என்ற பார்லிமெண்டு அங்கத்தினர். தோல்வி சேனாதிபதிகளுடையது, கையெழுத்து ஜனப் பிரதிநிதியுடையது!

இத்தகைய பொய்யை ஜனங்கள் ஏன் நம்பினர்? போர் நின்ற நாளில் ஜெர்மன் சேனை பிரெஞ்சு, பெல்ஜிய மண்ணில் நின்றது. தணிக்கைக்கு உட்பட்ட பத்திரிகைகள் கடைசிவரையில் வெற்றிச் செய்திகளையே ஊட்டி வந்தன. புதிய குடியரசின் தலைவர் எபர்ட்டும், டிசம்பரில் பெர்லினுக்குத் திரும்பிய போர் வீரர்களை எந்தப் பகைவனாலும் வெல்லப்படாதவர்கள் என்று புகழ்ந்து வரவேற்றார். உபசாரமாகக் கூறிய அவ்வார்த்தை அவருடைய பகைவர்க்கே ஆயுதமாயிற்று. சத்தியத்தைத் தக்க சமயத்தில் சொல்லாத ஜனநாயகம், பின்னால் அதற்கு வட்டியும் முதலுமாகச் செலுத்த நேரிடும்.

செலுத்த நேரிட்டது. 1921-ல் எர்ஸ்பெர்கர் சுட்டுக் கொல்லப்பட்டார். 1922-ல் அந்நிய நாட்டு மந்திரி வால்ட்டர் ராத்தெனவ் கொல்லப்பட்டார். யுத்தத்தின் ஆரம்பத்தில் கச்சாப் பொருள்களைத் திரட்டிச் சேனையைத் தாங்கியவர் அவர், ஆயினும் யூதர். சுமார் ஒரு லக்ஷம் யூதர் அந்த யுத்தத்தில் ஜெர்மனிக்காகச் சேவித்தனர். சுமார் 12,000 பேர் உயிர் துறந்தனர். கதையின் வேகத்தில் இக்கணக்கு எவர் காதிலும் ஏறவில்லை. கதையைச் சொன்ன ஹிண்டன்பர்க் 1925-ல் குடியரசின் தலைவரானார். 1933-ம் வருஷம் ஜனவரி 30-ந் தேதி ஹிட்லரைப் பிரதம மந்திரியாக நியமித்தவரும் அவரே. அதன்பின் நடந்த படுகொலைகளை உலகம் அறியும்.

ஹிண்டன்பர்க் தம் நாட்டுக் காவியத்தைச் செவ்வையாகப் படித்தாரா என்பதே நமது சந்தேகம். ஹாகன் தொழிலாளியல்லன், வியாபாரியல்லன், அந்நியனுமல்லன். அவன் குந்தர் அரசனின் பிரதான வீரன், மந்திராலோசனையில் முதல்வன். கொலைக்கு அரசனே உடன்பட்டிருந்தான். கொன்றபின் வீரனுடைய பொக்கிஷத்தையும் பறித்து ரைன் நதியில் ஆழ்த்தினான் ஹாகன். அக்கதையை உவமையாகக் கொள்வதானால், குத்திய கை அரண்மனையின் கை என்றல்லவா முடிவு செய்ய வேண்டும்?

காவியத்தின் இறுதியும் அவ்வாறே புறக்கணிக்கப்பட்டது. கிரீம்ஹில்டின் பழிவாங்கலில் மண்டபம் எரிகிறது, அரசனும் அவன் வீரரும் அனைவரும் மாள்கின்றனர். 1943-ம் வருஷம் ஜனவரி 30-ந் தேதி, ஸ்டாலின்கிராடில் முற்றுகையிடப்பட்டிருந்த சேனையைக் கோயரிங் அம்மண்டபத்து வீரர்களுக்கு ஒப்பிட்டு ரேடியோவில் பேசினார். உயிரோடிருந்தவர்களுக்குக் கூறப்பட்ட சரமகவி அது! சிறைப்பட்ட சுமார் 91,000 பேரில் வீடு திரும்பியவர் சுமார் 6,000 பேரே.

இதனால் பழங்கதைகளையே விலக்க வேண்டுமென்று நாம் கூறவில்லை. ஸ்விட்ஸர்லாந்தின் வில்லியம் டெல் கதையைப் பாருங்கள். மகன் தலைமேல் வைத்த ஆப்பிளை அம்பால் வீழ்த்தி, பின்னர்க் கொடுங்கோல் அதிகாரியைக் கொன்ற அந்த வில்லாளி வாழ்ந்ததற்குச் சமகாலச் சான்று ஒன்றுமில்லை. ஆயினும் அவனைப்பற்றி ஷில்லர் 1804-ல் அரங்கேற்றிய நாடகத்தை ஹிட்லர் 1941-ல் நடிக்கவொட்டாமலும் பள்ளிகளில் பயிற்றவொட்டாமலும் தடுத்தார். ஒரு கற்பனை வில்லுக்குச் சர்வாதிகாரி நடுங்கினார்! டெல்லின் அம்பு அதிகாரத்தை நோக்கிப் பாய்கிறது. முதுகில் குத்திய கதையோ அதிகாரத்தைக் காத்து அயலானை நோக்கிப் பாய்கிறது. வேற்றுமை இதுவே.

அக்கதை ஜெர்மனியோடு முடிந்துவிடவில்லை. 1975-ல் வியட்நாம் யுத்தம் முடிந்தபின் அமெரிக்காவிலும், சேனை தோற்கவில்லை, பத்திரிகைகளும் அரசியல்வாதிகளுமே தோற்கடித்தனர் என்ற குரல் எழுந்தது. தோற்ற தலைவர்கள் உள்ள இடமெல்லாம் அது பிறக்கும். ஆகவே பொது வாழ்வில் ஈடுபட்ட அன்பர்களுக்கு நாம் கூறுவது இது. மேடையில் ஒருவர் பழங்கதை சொல்லி நம்மவரில் ஒரு பகுதியாரைத் துரோகிகள் என்று சுட்டுவாரானால், கைதட்டுமுன் கேளுங்கள்: இதனால் எவருடைய குற்றம் மறைகிறது? சாட்சியம் எங்கே? இவ்விரு கேள்விகளை ஜெர்மானியர் 1919-ல் உரக்கக் கேட்டிருந்தால், 1933-ல் அவர்களுடைய வாய் அடைபட்டிராது.