உரிமம் கொடுத்தவர்கள் பதில் சொல்லட்டும்

சனிக்கிழமைகளில் இலவச பிளாஸ்டிக் பை கிடையாது. வேண்டுமென்றால் 20 காசு கொடுக்க வேண்டும் என்றார்கள். உள்நாட்டு வாணிப அமைச்சு 2011 ஜனவரியில் மலேசியா முழுவதும் தொடங்கிய இயக்கம் இது. சனிக்கிழமை பை தீங்கு. ஞாயிற்றுக்கிழமை அதே பை இலவசமாகக் கிடைத்தது. அந்த அரைகுறைச் சிந்தனையிலிருந்து பேராக் மாநிலச் சந்தைகள் இன்னும் மீளவில்லை.

ஈப்போவில் எந்தக் காலைச் சந்தைக்கும் போய்ப் பாருங்கள். மீனுக்கு ஒரு பை. ஈரம் கசியாமலிருக்க அதன்மேல் இன்னொரு பை. பச்சை மிளகாய்க்கு ஒன்று, தேங்காய்ப்பூவுக்கு ஒன்று, கறிவேப்பிலைக் கொத்துக்கும் ஒன்று. எல்லாவற்றையும் அள்ளிப் போட ஒரு பெரிய சிவப்புப் பை. மாலையில் இரவுச் சந்தைக்குப் போனால் தேநீரும் குழம்பும்கூடப் பையில்தான் கட்டித் தரப்படுகின்றன. கேட்காமலே தருகிறார்கள். காசு வாங்காமலே தருகிறார்கள். தடுக்க ஆளில்லை.

மக்களிடம் விழிப்புணர்வு போதவில்லை என்று அதிகாரிகள் சொல்வார்கள். இந்தப் பதிலை நாம் ஏற்கவில்லை. பத்து வெள்ளிக்குக் காய்கறி வாங்கும் பெண்மணி பை ஆலை நடத்தவில்லை. கடைக்கு உரிமம் வழங்கவில்லை. சந்தைக்கு விதி எழுதவில்லை. இவற்றில் உரிமம் வழங்குவதும் விதி எழுதுவதும் ஈப்போ மாநகர் மன்றத்தின் வேலை. அந்த வேலை நடக்கவில்லை.

அதிகாரம் இல்லை என்று மன்றம் சொல்ல முடியாது. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் 107ஆம் பிரிவு தெளிவாக இருக்கிறது. உரிமத்துக்கு எந்த நிபந்தனையும் விதிக்கலாம். நிபந்தனையை மீறினால் உரிமத்தைப் பறிக்கலாம். காரணம் கூடச் சொல்ல வேண்டியதில்லை. ஒட்டுக்கடை, இரவுச் சந்தைக் கடை, மளிகைக்கடை, பேரங்காடி ஆகிய எல்லாமே மன்றத்தின் உரிமத்தில்தான் நடக்கின்றன. இலவசப் பை கொடுக்கக் கூடாது என்று அந்த உரிமத்தில் ஒரு வரி சேர்க்க நாடாளுமன்றம் கூட வேண்டுமா? மன்றத்தின் ஒரு தீர்மானம் போதும்.

மத்திய அரசைக் கைகாட்டவும் வழியில்லை. 2011 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த திடக்கழிவு, பொதுத்துப்புரவு மேலாண்மைச் சட்டத்தில் பேராக் சேரவில்லை. குப்பையை எங்கள் ஊராட்சி மன்றங்களே பார்த்துக்கொள்ளும் என்று மாநிலம் விலகி நின்றது. சரி. அப்படியானால் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மாநில எல்லையைத் தாண்டினால் பினாங்கு. பாரிட் புந்தாருக்கும் நிபோங் திபாலுக்கும் இடையில் கடல் இல்லை, மலை இல்லை. இலவசப் பைத் தடையைப் பினாங்கு 2009 ஜூலையில் திங்கட்கிழமைகளில் தொடங்கியது. மறு ஆண்டு வாரத்தில் மூன்று நாள் ஆனது. 2011 ஜனவரி முதல் எல்லா நாளும் என்று ஆனது. வசூலான 20 காசுகள் அங்கே பரம ஏழைகளுக்கான நிதிக்குப் போயின. பிறகு கட்டணம் ஒரு வெள்ளியாக உயர்ந்தது. கடைகள் மூடப்படவில்லை. யாரும் பட்டினி கிடக்கவில்லை. எல்லைக்கு அப்பால் முடிந்தது இப்பால் ஏன் முடியவில்லை? மாநில அரசின் தலைவரான மந்திரி பெசாரின் அலுவலகம் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

இருபது காசு விவகாரத்தில் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. பேரங்காடிகளில் பைக்கு வாங்கும் காசு யாரிடம் சேர்கிறது? எவ்வளவு சேர்ந்தது? சுற்றுச்சூழலின் பெயரால் வாங்கிய பணம் வணிகரின் இலாபத்தில் கரைவது முறையல்ல. கணக்கைக் கேட்டு வாங்கி வெளியிடுங்கள். கல்லாவில் 20 காசு கேட்கும் அதே கடை, காய்கறிப் பகுதியில் மெல்லிய பைகளைச் சுருள் சுருளாகத் தொங்கவிடுகிறது. அதற்குக் கட்டணமும் இல்லை, கட்டுப்பாடும் இல்லை.

பச்சை இலைப் படம் அச்சிட்டு 'மக்கும் பை' என்று விற்கும் மோசடியையும் நிறுத்த வேண்டும். வேதிப்பொருள் கலந்து தானாகச் சிதையும்படி செய்த பிளாஸ்டிக் மறைந்து போவதில்லை. கண்ணுக்குத் தெரியாத துகளாகி மண்ணிலும் நீரிலும் கலக்கிறது. இத்தகைய பொருள்களை ஐரோப்பிய ஒன்றியம் 2021இல் தடை செய்தது. இங்கே அவை நற்சான்றிதழ் போல உலவுகின்றன.

வாக்குறுதிக்கு மட்டும் குறைவே இல்லை. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கை 2030க்குள் ஒழிப்போம் என்று 2018இல் திட்டம் வெளியானது. 2025க்குள் எல்லா வணிக இடங்களிலும் பிளாஸ்டிக் பைக்குத் தடை என்று 2023இல் அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் நிக் நஸ்மி அறிவித்தார். 2025 வந்தது. பைகள் போகவில்லை. 2019இல் கிள்ளான் துறைமுகத்தில் அந்நியக் குப்பைக் கொள்கலன்களைத் திறந்து காட்டினார்கள். 3,000 டன்னைத் திருப்பி அனுப்புவோம் என்றார்கள். நல்லது. நம் சந்தைகள் தினமும் கொட்டும் குப்பையை எந்த நாட்டுக்குத் திருப்பி அனுப்புவது?

இந்த அலட்சியத்தின் முழுச் சுமையும் விழுவது முன்னாள் தோட்டப்புறங்களில்தான். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

சுங்கை சிப்புட், சிம்மோர், பத்து காஜா வட்டாரங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போன இடங்களில் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. இடையில் தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகள் சில மிஞ்சின. தோட்டம் நடந்த காலத்தில் குடியிருப்பின் சுகாதாரத்துக்கு முதலாளி பொறுப்பு. 1990ஆம் ஆண்டு தொழிலாளர் வீடமைப்புச் சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. தோட்டம் கைமாறினால்? முதலாளி போய்விடுகிறார். இது தனியார் நிலம் என்று ஊராட்சி மன்றம் ஒதுங்கிக்கொள்கிறது. குப்பை லாரி தார்ச்சாலையோடு திரும்பிவிடுகிறது.

அங்கே வாழை இலையும் மீன் முள்ளும் மண்ணோடு மண்ணாகிவிடும். பை மண்ணாகாது. கொல்லையில் குழி தோண்டிக் கொளுத்துகிறார்கள். கால்வாயில் தள்ளுகிறார்கள். மழை பெய்தால் அது ஆற்றுக்குப் போகிறது. மழை இல்லையென்றால் பையில் தேங்கிய நீரில் ஏடிஸ் கொசு முட்டையிடுகிறது. திறந்தவெளியில் எரிப்பது சட்டப்படி குற்றம். எரிக்காதே என்று சொல்லும் அரசு, அள்ளிப் போக லாரி அனுப்பவில்லை. பையைக் கொடுத்தவன் நகரத்தில் கடை நடத்துகிறான். புகையைச் சுவாசிப்பவள் லயத்தில் இருக்கும் பாட்டி.

2025இல் நாடாளுமன்றம் சட்டங்களைத் திருத்தியது. பொது இடத்தில் குப்பை வீசுபவர் சமூகச் சேவை செய்ய வேண்டிவரும். வீசுபவர் தண்டிக்கப்படட்டும். பையை அள்ளி அள்ளிக் கொடுப்பவருக்கு என்ன தண்டனை? தயாரித்துக் குவிப்பவருக்கு என்ன தண்டனை? சட்டம் எளியவரின் தெருவில் மட்டும் நடமாடுகிறது.

நம் ஆலய நிர்வாகங்களையும் இங்கே விட்டுவிட முடியாது. கல்லுமலை தைப்பூசத்துக்கு ஈப்போவே திரள்கிறது. தண்ணீர்ப் பந்தல் வைப்பது புண்ணியம். பந்தலைச் சுற்றிக் கிண்ணமும் பையும் உறிஞ்சுகுழாயும் குவிவது எந்தப் புண்ணியம்? அர்ச்சனைத் தேங்காயையும் பழத்தையும் பிளாஸ்டிக் பையில் கொடுக்கச் சொல்லி எந்த ஆகமமும் சொல்லவில்லை. தமிழ்நாடு 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் பைகளைத் தடை செய்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியது. அங்கும் மீறல்கள் உண்டு. ஆனால் அரசு துணிப்பையைக் கையில் எடுத்தது. ஜவுளிக்கடை மஞ்சள் பை நம் வீடுகளிலும் மடித்துக் கிடக்கிறது. பந்தலுக்கு அனுமதி தரும்போதே பிளாஸ்டிக் கூடாது என்று ஆலய நிர்வாகம் எழுதி வாங்க வேண்டும். மறுப்பவருக்குப் பந்தல் கிடையாது.

ஈப்போ மாநகர் மன்ற உறுப்பினர்களை நாம் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கவில்லை. ஊராட்சித் தேர்தல் 1965இல் நிறுத்தப்பட்டது. உறுப்பினர்களை நியமிப்பது மாநில அரசு. ஆகவே மன்றத்தின் தோல்வி மாநில அரசின் தோல்வி. ஊராட்சித் துறைக்குப் பொறுப்பான ஆட்சிக்குழு உறுப்பினர் இதிலிருந்து நழுவ முடியாது. மேயரான டத்தோ பண்டாரும் நழுவ முடியாது.

நாம் கேட்பது இதுதான். அடுத்த உரிமப் புதுப்பிப்பிலேயே இலவசப் பைக்குத் தடை நிபந்தனையாக வேண்டும். சந்தைக்கும் இரவுச் சந்தைக்கும் விலக்குக் கூடாது. சில்லறை வியாபாரிக்கு மாற்றுப் பை மலிவாகக் கிடைக்க மன்றமே ஏற்பாடு செய்ய வேண்டும். வசூலான 20 காசுகளின் கணக்கு கடைவாரியாக வெளிவர வேண்டும். அந்தப் பணத்தில் முதல் செலவு முன்னாள் தோட்டக் குடியிருப்புகளுக்குக் குப்பை லாரி அனுப்புவதாக இருக்க வேண்டும். இந்த ஐந்தையும் மன்றத்தின் அடுத்த முழுக்கூட்டத்தில் எழுப்ப ஓர் உறுப்பினராவது எழுந்து நிற்க வேண்டும். யாரும் எழவில்லை என்றால், அவர்களை நியமித்தது ஏன் என்று மந்திரி பெசார் விளக்கட்டும்.