காற்றுப் பறித்தது கூரையை. சட்டம் பறித்தது காணியை!

வீடிழந்தவன் கல்லும் மண்ணும் தேடி மறுபடியும் ஒரு வீட்டை எழுப்பிக்கொள்வான். காணியையும் இழந்தவன் அந்த வீட்டை எங்கே எழுப்புவான்? மேற்கிந்தியத் தீவுகளிலே பார்புடா என்னும் சின்னஞ் சிறு தீவின் மக்கள் கேட்டு நிற்கும் கேள்வி இதுவே. அவர்களுடைய கதை நமக்கு நெடுந்தொலைவில் நடந்த கதை. ஆயினும், எண்ணிக்கையிற் சிறிய மக்கள் ஒவ்வொருவரும் அதனை ஒரு தடவையேனும் சிந்தித்துப் பார்த்தல் வேண்டும்.

பார்புடா, அன்ரிகுவாவுக்கு வடக்கே ஏறத்தாழ 30 மைல் தொலைவிலே கிடப்பது. பரப்பு 62 சதுர மைல். மக்கள் தொகை இரண்டாயிரத்தையும் எட்டாது. ஊர் ஒன்றே ஒன்று; அதன் பெயர் கொட்றிங்ரன். கொட்றிங்ரன் குடும்பத்தார் 1685 முதல் 1870 வரை பிரித்தானிய முடியிடமிருந்து இத்தீவைக் குத்தகைக்கு வைத்திருந்தனர். அவர்கள் ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொணர்ந்தோரின் வழித்தோன்றல்களே இன்றைய பார்புடா மக்கள்.

1834இல் அடிமைத்தளை அறுந்தது. விடுதலை பெற்ற மக்கள் நிலத்தைத் துண்டு போட்டுப் பங்கிட்டுக்கொள்ளவில்லை. வீட்டுக்கு ஒரு வளவு, பயிருக்கு ஒரு தோட்டம், எஞ்சிய தரை யாவும் மாடும் ஆடும் மேய்வதற்கு ஊர்ப்பொது என்ற முறையிலே வாழ்ந்து வந்தனர். நம் கிராமங்களில் மேய்ச்சற்றரையும் குளமும் எப்படி ஊருக்கெல்லாம் சொந்தமோ, அப்படியே அங்கே தீவு முழுவதும் ஊருக்குச் சொந்தம். எவர் பெட்டகத்திலும் உறுதி இருக்கவில்லை. ஆனால் காணியில்லாதவர் என்று ஒருவரும் அங்கிருக்கவில்லை.

அன்ரிகுவாவோடு ஒரே நாடாக இணைக்கப்படுவதை அவர்கள் விரும்பவுமில்லை. 1980இல் இலண்டனிலே சுதந்திரப் பேச்சு நடந்தபோது பார்புடாப் பிரதிநிதிகள் பிரிந்து நிற்கும் உரிமையைக் கோரினர். அது மறுக்கப்பட்டது. 1976இல் உருவான உள்ளூராட்சிச் சபைக்கு 1981ஆம் ஆண்டின் அரசியலமைப்பில் ஓர் இடம் கொடுத்தார்கள். பாராளுமன்றத்தின் 17 தெரிவு ஆசனங்களிலே பார்புடாவுக்குக் கிடைத்தது ஒன்று. அந்த ஒன்றை வைத்துக்கொண்டு பதினாறை எவ்வாறு வெல்வது?

2007இல் ஒரு நல்ல காலம் பிறந்தது. பார்புடாவின் காணிகள் அனைத்தும் பார்புடா மக்களின் பொதுவுடைமை. அவற்றை விற்க முடியாது. பெரிய திட்டம் எதற்கும் மக்களுள் பெரும்பாலோரின் சம்மதம் வேண்டும் என்று ஒரு சட்டம் வந்தது. அந்த மக்கள் நிம்மதியாக மூச்சு விட்டனர். ஆனால் 2015இலேயே, நடிகர் றொபேட் டி நீரோவும் அவுஸ்திரேலியச் செல்வர் ஒருவரும் சேர்ந்து தொடங்கிய உல்லாச விடுதித் திட்டமொன்றுக்கு வழிவிட்டுத் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. மதிலிலே முதற் கல் அன்றைக்கே பெயர்க்கப்பட்டுவிட்டது.

2017 செப்டெம்பர் 6ஆம் நாள் நள்ளிரவு கடந்த வேளையிலே இர்மா என்னும் சூறாவளி பார்புடா மீது நேரே வந்து விழுந்தது. காற்றின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 180 மைல். கட்டிடங்களுள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து சேதமுற்றன என்று பிரதம மந்திரியே அறிவித்தார். கடலேரியைக் காத்து நின்ற மேற்குக் கரையின் மணற்றிட்டையும் கடல் உடைத்துக்கொண்டு உள்ளே பாய்ந்தது. ஒரு சிறு குழந்தை மாண்டது. ஓரிரு நாளில் மற்றுமொரு சூறாவளி நெருங்கி வந்தமையால் மக்கள் அனைவரும் அன்ரிகுவாவுக்கு ஏற்றிச் செல்லப்பட்டனர். உயிர் காக்கும் பொருட்டுச் செய்த அக்காரியத்தை எவரும் குறை சொல்லார். கிறிக்கெற் விளையாட்டரங்கிலேயும் அவர்கள் படுத்துறங்க நேர்ந்தது. ஏறத்தாழ 300 ஆண்டுகளில் முதன்முறையாக அந்தத் தீவிலே மனிதர் எவருமின்றிப் போயிற்று.

குறை அதற்குப் பின்னரே தொடங்குகிறது. மக்களுட் பெரும்பாலோர் அகதிகளாய் அன்ரிகுவாவிலே தங்கியிருந்த மாதங்களிலேயே, பார்புடாவிலே புதிய விமான நிலையத்துக்கெனப் புல்டோசர்கள் காட்டை வெட்டித் தள்ளின. பாடசாலை திறக்கவில்லை, வீட்டுக்குக் கூரை ஏறவில்லை, ஓடுபாதைக்கு நிலம் தயாராயிற்று! அவ்வாண்டு டிசம்பரிலே 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் உயிர்நாடியை அறுக்கும் திருத்தச் சட்டமூலம் பாராளுமன்றத்துக்கு வந்தது. பொதுவுடைமை போயிற்று. ஆளுக்கொரு துண்டுக் காணி. அதற்கு ஒரு டொலர் கொடுத்தால் உறுதி தருவோம் என்றது அரசாங்கம்.

அரசாங்கத்தின் நியாயத்தையும் கேட்டுப் பார்ப்போம். உறுதியில்லாத காணியை ஈடு வைத்து எந்த வங்கியிடம் கடன் பெறுவது? கடன் இல்லாமல் வீடு கட்டுவது எப்படி? சிறிய நாட்டின் திறைசேரி முழுச் செலவையும் எவ்வாறு தாங்கும்? இவை வெறும் வாதங்களல்ல. கமக்காரன் எவனும் வங்கிப் படியேறி உறுதி கேட்கப்பட்டுத் திரும்பிய அனுபவமுடையவனே. ஆனால் ஈடு வைக்கக்கூடிய காணி, ஈட்டில் மூழ்கிப் போகவுங் கூடிய காணி என்பதை மறக்கலாமா? வீடிழந்து கையில் காசின்றி நிற்பவனிடம் விற்கும் உரிமையைக் கொடுத்துவிட்டு, பக்கத்திலே கோடீசுவரனை வாங்க நிறுத்திவைப்பது சுதந்திரமாகுமா? பொதுக்காணி முறையை மாற்ற வேண்டுமென்றால் மாற்றட்டும்; மாற்ற வேண்டியவர்கள் அந்தக் காணிக்குரியவர்கள். அவர்கள் தங்கள் ஊருக்குத் திரும்பி, தங்கள் மரத்தடியிலே கூடிப் பேசித் தீர்மானிக்கும்வரை பொறுத்திருக்க முடியாத அவசரம் யாருக்கு இருந்தது? 2018 மார்ச்சுத் தேர்தலிலே பார்புடா வாக்காளர் ஆளுங் கட்சியை நிராகரித்துத் தங்கள் இயக்கத்தின் வேட்பாளரைத் தெரிவு செய்தனர். அதுவே அவர்கள் தந்த விடை.

வழக்கு இலண்டன் கோமறைக் கழகம் வரை சென்றது. 2022இல் தீர்ப்பு வந்தது. பார்புடா மக்களுக்கு 2007ஆம் ஆண்டுச் சட்டம் அளித்த உரிமைகள் அரசியலமைப்புப் பாதுகாக்கும் "சொத்து" ஆகா. ஆக்கிய பாராளுமன்றமே அதனை மாற்றவும் வல்லது என்பது அத்தீர்ப்பின் சாரம். 2024 பெப்ருவரியிலே மற்றொரு தீர்ப்பு: விமான நிலைய அனுமதியை எதிர்த்து வழக்காடும் தகுதி இரு பார்புடா வாசிகளுக்கு உண்டென அதே மன்று கூறியது. நல்ல தீர்ப்புத்தான், ஆனால் அது வந்து சேர்ந்தபோது ஓடுபாதை ஏற்கெனவே போடப்பட்டிருந்தது. அவ்வாண்டிலேயே விமான நிலையமும் திறக்கப்பட்டது.

சட்டம் பயின்றவன் என்ற முறையில் 2022ஆம் ஆண்டுத் தீர்ப்பை நான் பழிக்க மாட்டேன். நீதவான்கள் தம் முன்னிருந்த அரசியலமைப்பைப் படித்தார்கள். அதிலே அந்தக் காணி உரிமை எழுதப்பட்டிருக்கவில்லை. குற்றம் அங்கேதான் இருக்கிறது. சாதாரணச் சட்டம் தந்த உரிமையைச் சாதாரணப் பெரும்பான்மை எடுத்துக்கொள்ளும். பெரும்பான்மையின் கருணையிலே தங்கியிருப்பது உரிமையன்று. அது தவணைக் கடன்.

இந்த உண்மையை நாம் பார்புடாவிடம் கற்க வேண்டியதில்லை. இதே கோமறைக் கழகத்தின் வாசலிலே 1969இல் கோடீஸ்வரன் வழக்கு நின்றது. மொழிச் சட்டம் செல்லுமா என்ற கேள்வி மீண்டும் இலங்கை நீதிமன்றுக்கே அனுப்பப்பட்டது. 1971இல் அங்கு மேன்முறையீடு செய்யும் வழி அடைக்கப்பட்டது; 1972இல் 29ஆம் பிரிவும் மறைந்தது. அரசியலமைப்பில் எழுதியிருந்ததே அழிந்ததென்றால், எழுதினால் மட்டும் போதாது என்பது தெளிவு. யாருடைய உரிமையோ அவர்களுடைய சம்மதமின்றி அதனை மாற்றலாகாது என்ற பூட்டும் வேண்டும். சமஷ்டி என்பதன் பொருள் இதைத் தவிர வேறென்ன?

2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை நம் கரைகளை விழுங்கிய பின்னரும், 2005இலே கரையோரத்தில் மீளக் கட்டலாகாதென்று தடை வந்தது: தெற்கிலே 100 மீற்றர், வடக்குக் கிழக்கிலே 200 மீற்றர். பின்னர் அது தளர்த்தப்பட்டதெனினும், தோணி இழுத்து வைக்கும் மணலிலிருந்து தள்ளி நிற்கும்படி மீனவனுக்கு ஆணையிட்டவர்கள் அவனிடம் கேட்டு ஆணையிடவில்லை.

புயல் வருவதைத் தடுக்க நம்மாலாகாது. அது வருமுன்னே ஒரு காரியம் செய்யலாம். ஒவ்வொரு கிராமமும் தன் மேய்ச்சற்றரை, குளத்தங்கரை, படகுத்துறை, மயானம் ஆகிய பொதுக் காணிகளைப் பட்டியலிட்டு, படம் வரைந்து, ஊரார் கையொப்பத்தோடு பிரதியெடுத்து வெவ்வேறிடங்களிலே வைத்துக்கொள்ளட்டும். அனுமதிப் பத்திரம் உடையவர்கள் அதன் பிரதியை ஊருக்கு வெளியேயுள்ள உறவினரிடமும் கொடுத்து வைக்கட்டும். நில அளவையாளரும் வழக்குரைஞரும் தங்கள் ஓய்வு நாளொன்றை இதற்கு ஈதல் பெருந் தியாகமாகாது. தலைவர்கள் அரசியலமைப்பிற் பூட்டுப் போடும் நாள் வரை, மக்கள் தங்கள் பெட்டகத்தையாவது பூட்டி வைத்தல் வேண்டும்.

காற்று ஓரிரவிலே ஓய்ந்துவிடும். அதன் பின்னே கோப்புகளோடு வருபவரையே நாம் விழித்திருந்து பார்க்க வேண்டும்!