உறுதி முதலில், கணினி பின்னர்!

காணிப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றி, பதிவு வேலைகளை இணையவழியே நடத்தும் முயற்சியில் அரசாங்கம் பல ஆண்டுகளாக ஈடுபட்டு வருகின்றது. பதிவாளர் நாயகம் திணைக்களத்தின் 'ஈ-லேண்ட்' முறை இதன் பொருட்டு எழுந்ததே. இதனை நாம் எதிர்க்கவில்லை, வரவேற்கிறோம். செல்லரித்த ஏடும், கிழிந்த பக்கமும், ஒரு பிரதிக்காகக் கண்டிப் பதிவகத்துக்குப் பலமுறை நடக்கும் அலைச்சலும் ஒழிவது யாவருக்கும் நன்மையே. 2025 நவம்பரில் 'டித்வா' சூறாவளி கண்டி மலைகளைச் சரித்தது. அத்தகைய வேளையில் வீட்டோடு பெட்டியும், பெட்டியோடு உறுதியும் மண்ணுக்குள் போய்விடும். ஏட்டின் பிரதி வேறோரிடத்தில் பத்திரமாக இருப்பது எத்துணை அவசியம் என்பதை எவரும் விளக்க வேண்டியதில்லை.

ஆயினும் ஒன்றைக் கூற விரும்புகிறோம். கணினி ஏட்டில் உள்ளதைக் காட்டும், இல்லாததை உண்டாக்காது. ஏட்டில் பெயரே இல்லாத மக்களுக்கு அது எதைக் காட்டப் போகின்றது?

திகனையைச் சூழ்ந்த தும்பறைப் பள்ளத்தாக்கு இக்கேள்விக்கு உகந்த இடம். 1985 இல் திறக்கப்பட்ட விக்டோரியா நீர்த்தேக்கத்தின் கீழ்ப் பழைய தெல்தெனிய நகரமே மூழ்கியது. வயலும் வீடும் நீருக்குள் போகும்போது, உறுதி வைத்திருப்பவன் நட்டஈடு கேட்கலாம். மாற்றுக் காணி கோரலாம். லயத்தில் குடியிருப்பவன் எதை இழந்ததாகக் காட்டுவான்? மூன்று தலைமுறை வாழ்ந்த அறையும் தோட்டத்துக்குச் சொந்தம். அவன் நட்ட பலாமரமும் தோட்டத்துக்குச் சொந்தம்!

இவ்வநீதியின் வேர் 1840 ஆம் ஆண்டில் உள்ளது. காணி மாற்றம் நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளுடன் எழுதப்பட வேண்டும் என்ற 7 ஆம் இலக்கச் சட்டமும், உரிமை காட்ட இயலாத காடும் தரிசும் முடிக்குரியன என்ற 12 ஆம் இலக்கச் சட்டமும் அவ்வாண்டிலேயே பிறந்தன. காகிதம் அறியாத கண்டிச் சிங்களக் குடியானவன் தன் சேனை நிலத்தை இழந்தான். அந்நிலம் கோப்பித் துரைமாரிடம் சென்றது. அதைத் திருத்தத் தமிழ்நாட்டிலிருந்து தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர். ஒருவனிடமிருந்து நிலத்தைப் பறித்த காகிதம், மற்றவனுக்கு அதைக் கொடுக்கவுமில்லை. ஆகவே இது ஓர் இனத்துக்கு எதிராக மற்றோர் இனம் எழுப்பும் வழக்கன்று. உழுதவன் இருவரும் ஒரே சட்டத்தால் வஞ்சிக்கப்பட்டவர்களே.

1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் தொழிலாளரை நாடற்றவராக்கியது. 1972 இலும் 1975 இலும் காணிச் சீர்திருத்தம் வந்தபோது அவர்களுக்குக் காணி கிடைக்கவில்லை. இருந்த தோட்டங்களிலிருந்தே பலர் விரட்டப்பட்டனர். 1992 இல் தோட்டங்களின் முகாமை கம்பனிகளுக்குக் கைமாறியது. ஆனால் கண்டி, மாத்தளைப் பகுதிகளில் பல தோட்டங்கள் ஜனவசம, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம் ஆகியவற்றிடமே விடப்பட்டன. குத்தகைக் கம்பனி இணங்கவில்லை என்ற சாக்குக்கு அங்கு இடமேது? நிலம் அரசினது, முகாமையும் அரசினது, பதிவேடும் அரசினது. தடுப்பது யார்?

ஏழு பேர்ச்சஸ், பத்துப் பேர்ச்சஸ் என்று வாக்குறுதிகளுக்குக் குறைவில்லை. மேடையில் வழங்கப்படும் சான்றிதழ்களுக்கும் குறைவில்லை. அளந்த வரைபடமும், பதிவேட்டில் இலக்கமும், விற்கவும் ஈடு வைக்கவும் பிள்ளைக்கு எழுதவும் உரிமையும் இல்லாத பத்திரம் உறுதியாகாது. சட்டமறிந்த நம் வாசகர்கள் இவ்வேறுபாட்டைத் தொழிலாளருக்கு எடுத்துரைக்கக் கடமைப்பட்டவர்கள்.

உறுதி உள்ளவரும் வாளாவிருத்தல் ஆகாது. நொத்தாரிசு எழுதியதோடு காரியம் முடிந்தது என்று எண்ணும் கமக்காரர் பலர். 1927 ஆம் ஆண்டின் ஆவணப் பதிவுச் சட்டப்படி, பெறுமதி கொடுத்து வாங்கியவன் வஞ்சகமின்றி முன்னதாகப் பதிந்தால், அவனது பிந்திய உறுதியே முந்திவிடலாம். பழைய ஏடு கணினிக்கு மாறும் இக்காலத்தில் தத்தம் காணியின் பதிவுப் பிரதியைப் பெற்று, பெயரையும் எல்லையையும் பரப்பையும் ஒப்பிட்டுப் பார்ப்பது அறிவுடைமை. எழுத்துப் பிழை ஏட்டிலிருந்து கணினிக்கு ஏறினால், நாளை அதுவே சாட்சியாகிவிடும்.

மொழியையும் மறத்தலாகாது. 1987 ஆம் ஆண்டின் 13 ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. தமிழ்நாட்டில் வில்லங்கச் சான்றை வீட்டிலிருந்தே தமிழில் பார்க்க முடிகின்றது. கண்டியில் ஒரு தமிழன் தன் காணியின் ஏட்டைத் தன் மொழியில் வாசிக்க முடியாவிடின், அது கணினியில் இருந்தென்ன, இரும்புப் பெட்டியில் இருந்தென்ன?

அரசாங்கத்திடம் நாம் கேட்பவை இவை. தோட்டக் குடியிருப்புகளை அளந்து, கணவன் மனைவி இருவர் பெயரிலும் முழு உறுதி எழுதிப் பதிக. அரச தோட்டங்களிலிருந்தே தொடங்குக. பதிவும் பிரதியும் தமிழிலும் கிடைக்கச் செய்க. ஓர் ஏட்டில் மாற்றம் செய்யுமுன் உரிமையாளருக்கு அறிவித்தல் அனுப்புக. இணையம் அறியாதவருக்குப் பிரதேச செயலகத்தில் தமிழறிந்த உத்தியோகத்தரை அமர்த்துக.

இவற்றைச் செய்தபின் கணினி வரட்டும், கைகூப்பி வரவேற்போம். செய்யாது வருமாயின், காணியற்றவன் காணியற்றவனே என்று 1840 எழுதிய தீர்ப்பை மின்னெழுத்தில் மறுபடி எழுதியதாகவே முடியும்.