வார மாடும் வாராத காசும்

வெள்ளம் வடிஞ்ச மூணாம் நாள் சேரிக்கு ஊர்க்காரர் ஒருவர் வந்தார். "ஏலே, மாடு செத்துக் கெடக்கு. நாலு பேரு மம்பட்டிய எடுத்துட்டு வாங்கலே."

2023 டிசம்பர் 17, 18. தாமிரபரணி பெருகி, தூத்துக்குடி மாவட்டத்துக் குளங்கள் உடைந்த நாட்கள்.

அந்த மாட்டை வளர்த்தது எங்கள் தெருக் கிழவி. வாரத்துக்கு வாங்கி வளர்த்தாள். புல்லறுத்தது அவள், சாணி அள்ளியது அவள், ஈத்துக்குக் கண் முழித்துக் கிடந்தது அவள். ஈனுகிற கன்றில் ஆளுக்குப் பாதி என்பது பேச்சு. வெறும் வாய்ப்பேச்சு, எழுத்து கிடையாது. வி.ஏ.ஓ. வந்தார், கால்நடை டாக்டர் வந்தார். "மாடு யாருது?" ஊர்க்காரர் முன்னால் வந்து நின்றார். கிழவி வேலியோரம் நின்று அழுதாள். குழி வெட்டியது நாங்கள். காசு வாங்கியது அவர்.

என்ன காசு? 2022-26 காலத்துக்கான மத்திய அரசு விதிப்படி, பேரிடரில் கறவை மாடு செத்தால் 37,500 ரூபாய். ஆட்டுக்கு 4,000. கோழிக்கு 100. பன்றிக்கும் ஆட்டைப் போலவே 4,000 என்று அதே விதியில் இருக்கிறது. பன்றி வளர்க்கிற எத்தனை பேருக்கு இது தெரியும்? எந்த அதிகாரி சேரிக்குள் வந்து சொன்னார்?

காசு கொடுப்பது தப்பு என்று யாரும் சொல்லவில்லை. கொடுக்கட்டும், இன்னும் கூட்டிக் கொடுக்கட்டும். நாங்கள் கேட்பது ஒன்றுதான்: நட்டம் யாருக்கு? மாட்டுக்காரருக்கு முதல் போனது. கிழவிக்கு மூணு வருசத்து உழைப்பும் வரவேண்டிய பாதிக் கன்றும் போச்சு. முதலுக்கு ஒரு கட்டம் உண்டு, உழைப்புக்குக் கட்டமே இல்லை. இதுதான் சர்க்கார் கணக்கு. இது சாதிக் கணக்கும்தான்.

"வாரம்னு சொல்லிட்டு ஆளாளுக்கு வந்து நிப்பான்" என்கிறார்கள். நிலத்துக் குத்தகைதாரரின் பெயரைப் பதிவு செய்ய 1969-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. நிலத்துக்கு முடிகிறது, மாட்டுக்கு முடியாதா? மாட்டுக்குக் காதில் தோடு குத்தி நம்பர் போடுகிற அரசுக்கு, அதை மேய்க்கிறவள் பெயரை எழுத ஒரு வரி கிடைக்காதா?

செத்த மாட்டை சாதி இந்துக்களே புதைத்துக்கொள்ளட்டும் என்று 1927-இல் அம்பேத்கர் தலைமையில் நடந்த மகாத் மாநாடு தீர்மானம் போட்டது. 2016-இல் குஜராத் உனாவில் மாட்டுத் தோல் உரித்த தலித் இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்தார்கள். அங்குள்ள மக்கள் செத்த மாடுகளைக் கொண்டுபோய் சுரேந்திரநகர் கலெக்டர் ஆபீஸ் முன்னால் போட்டார்கள். நாம் இன்னும் மம்பட்டி தூக்கிக்கொண்டிருக்கிறோம்!

தோழர்களே, கோரிக்கை சின்னதுதான். இழப்பை எழுதுகிற தாளில் 'வளர்த்தவர்' என்று ஒரு கட்டம் போடு. வாரத்துக்கு வளர்த்தவருக்குப் பாதியை அவர் கையிலேயே கொடு. சேரிக்குள் வந்து கணக்கெடு.

அதுவரைக்கும்? உயிரோடு இருக்கும்போது உன் மாடு, செத்தபிறகு எங்கள் வேலை என்ற பேச்சு இனி செல்லாது. அடுத்த வெள்ளத்தில் கிழவி பெயரை முதலில் எழுதட்டும். எழுதாவிட்டால், காசு வாங்குகிற கையே குழியும் வெட்டட்டும்.