தும்பி என்று சொல்லிப் பார்ப்போமா?

டோபி காட் ரயில் நிலையத்துக்கு வெளியே இஸ்தானா பூங்கா. எதிரே அதிபர் மாளிகை. அந்த வட்டாரத்தில் அனுமதியின்றி ட்ரோன் பறக்கவிடக் கூடாது. அந்தப் பொருளைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று அங்கே உட்கார்ந்து ஒரு மாலை முழுக்க நண்பர்களோடு வாதாடினேன்.

செய்திகளில் வருவது ‘ஆளில்லா வானூர்தி’. பொருள் சரிதான், வாயில்தான் நிற்கவில்லை.

ஆங்கிலத்தில் ‘ட்ரோன்’ முதலில் ஆண் தேனீ. பிறகு அதன் ரீங்காரம். தம்புராவின் விடாத சுருதியும் ட்ரோன். தூக்கம் வரவழைக்கும் விரிவுரையும் ட்ரோன். (நமக்கு அது வெறும் ‘அறுவை’!) 1935இல் பிரிட்டன், பீரங்கிப் பயிற்சிக்கு இலக்காக ஆளின்றிப் பறக்கவிட்ட விமானத்துக்கு ‘குவீன் பீ’, அதாவது ராணித் தேனீ என்று பெயரிட்டது. அதையொட்டி அமெரிக்கக் கடற்படை தன்னுடையதை ஆண் தேனீ ஆக்கியது. கிடந்த சொல்லையே எடுத்துக்கொண்டார்கள்.

நம்மிடமும் ஒன்று கிடக்கிறது. குறுந்தொகையின் இரண்டாம் பாடலில் தலைவன் கேள்வி கேட்பது தும்பியிடம். அங்கே அது தேன் தேடும் வண்டு. இன்றோ தும்பி என்றால் தட்டான். ஒரு முறை இடம் மாறிய சொல் மறுமுறை மாறாதா? தட்டானும் நான்கு இறக்கையோடு அந்தரத்தில் நிற்பதுதானே.

“டோபி காட் மட்டும் தமிழா?” என்று மடக்கினான் ஒருவன். நியாயமான கேள்வி. இங்கே துணி வெளுத்தவர்களில் சென்னைப் பக்கத்தவரும் உண்டு. நிலைத்தது இந்திப் பெயர்தான்.

ஆனால் தும்பிக்கு இன்னும் நேரமிருக்கிறது. மரினா பேயில் அடுத்த ட்ரோன் காட்சியின்போது, “தும்பி பார்க்க வர்றியா?” என்று அவனுக்கே குறுஞ்செய்தி அனுப்பப்போகிறேன்.